ஃப்ராங்க் வீட்டுக் கொடியும் நான் கட்டிய கவுளியும்

‘எனக்குத் தெரியாது’ என்று கூச்சமில்லாமல் சொல்வதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும். என் மனைவி செல்வி எம்.சி.ஏ. ஆபீசில் பெரிய பெரிய ஆட்களைப் பார்த்து ‘ஐ டோன்ட் நோ’ என்று சொல்லிவிட்டு வருவாள். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் கொடுத்தார்கள். நான் பத்தாம் வகுப்பு. எதைக் கேட்டாலும் ‘தெரியுமே’ என்று தலையை ஆட்டிவிடுவேன். இந்தத் தலையாட்டல் ஒரு முறை எங்களை வீட்டைவிட்டு வெளியே நிறுத்தப் பார்த்தது. அந்தக் கதைதான் இது.

இரண்டாயிரமாம் வருடம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடும் என்று பயந்துகொண்டிருந்த காலம். அதைத் தடுத்து நிறுத்த செல்வியைச் சான் ஹோசேவுக்கு அழைத்திருந்தார்கள். அவள் விசாவில் தொங்கிக்கொண்டு நானும் போனேன். எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. சமையல், பூஜை, துணி மடிப்பது, இவை மூன்றும் என் இலாகா. (ஊரில் கேட்டவர்களிடம் ‘வீட்டிலிருந்தே பார்த்துக்கறேன்’ என்றேன். பொய் இல்லை.)

அந்த ஊரில் அப்போது வீடு கிடைப்பது முக்தி கிடைப்பதைவிடக் கடினம். ஒரு வீடு காலி என்றால் இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். எங்களுக்கு முருகன் புண்ணியத்தில் ஃப்ராங்க் கிடைத்தார். மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, ஒரே மகள் வெளியூரில். முன்வீட்டில் அவர் இருந்தார், தோட்டத்துக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் நாங்கள். வாடகை ரொம்பக் குறைச்சல். அதையே ஒரு கம்பெனிக்காரப் பையன் இரண்டு மடங்குக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். செல்விக்கு ஏழாம் மாதம்.

அந்த ஆகஸ்டில் ஃப்ராங்க் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். “ஓரிகனில் தங்கை வீட்டுக்குப் போகிறேன். வருவதற்குச் செப்டம்பர் ஆகும். உங்கள் வாடகை விஷயத்தை வந்ததும் பேசுவோம்.” அவர் முன்வீட்டுக்குத் திரும்பிப் போன பிறகு செல்வி என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, வந்ததும் பேசுவோம்னா என்ன அர்த்தம்?”

“பேசுவார்னு அர்த்தம்.”

“காலி பண்ணச் சொல்லுவார்னு அர்த்தம். நீங்க அவருகிட்டக் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு நான் எங்கீங்க வீடு தேடுவேன்?”

அனுசரிப்பதற்கு மறுநாளே சந்தர்ப்பம் வந்தது. ஃப்ராங்க் என்னைத் தோட்டத்து வேலியோரம் அழைத்துப் போனார். அங்கே கயிறு பிடித்து இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கொடி வரிசை ஏறியிருந்தது. ஹாப்ஸ் என்றார். கோவைக்கொடி இலையைப் பெரிதாக்கின மாதிரி இலை, சொரசொரவென்று.

“உன் அப்பா கொடி வளர்த்தவர் என்றாயே?”

“யெஸ்,” என்றேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. நான் நடக்கப் பழகியதே அகத்தி மரத்தைப் பிடித்துத்தான்.

“அப்படியானால் உனக்கே தெரியும். பக்குவம் வந்ததும் பறித்து வை. அக்டோபரில் மகளுக்குக் கல்யாணம். அதற்குத்தான் இது.”

பிறகு அரை மணி நேரம் விளக்கினார். அந்த அரை மணி நேரமும் நான் இலையையே பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். கொடி என்றால் இலை, கல்யாணம் என்றால் இலை. இதில் விளக்க என்ன இருக்கிறது? வெள்ளைக்காரன் வீட்டுக் கல்யாணத்திலும் தாம்பூலம் உண்டு என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிறைவு. அவருடைய கராஜில் மாதத்துக்கு ஒரு முறை பெரிய அண்டாவில் எதையோ காய்ச்சுவார். நெல் அவிக்கிற வாசம் வரும். வயதானவர், உடம்புக்கு ஏதோ கசாயம் வைத்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. அவர் ஷூவோடு கொடிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கொடிக்கால் எங்களுக்குக் கோயில் மாதிரி. செருப்போடு போகக் கூடாது, குளிக்காமல் போகக் கூடாது, குடித்தவன் வாய்க்காலைத் தாண்டக் கூடாது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

“ஃப்ராங்க், ஷூ...” என்று காலைக் காட்டினேன்.

“என் ஷூவுக்கு என்ன?”

“காட் இருக்கார்.”

அவர் கொடியை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நான் அந்தக் காரியம் செய்தேன்.

அவர் கிளம்பிய நாளிலிருந்து விடியற்காலையில் குளித்து, விபூதி பூசி, வெறுங்காலோடு கொடிக்குத் தண்ணீர் விட்டேன். முதல் கம்பத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டேன். ‘முருகா, இந்தக் கொடி செழித்தால் எங்களுக்கு வீடு நிலைக்கும், நீ பார்த்துக்கொள்’ என்று மனமுருகி வேண்டினேன். முருகன் உடனே பார்த்துக்கொண்டான். கொடி மதமதவென்று வளர்ந்தது. கூடவே கொத்துக் கொத்தாகப் பூவும் வந்தது.

பூ என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பச்சைக் காகிதத்தை அடுக்கி அடுக்கிச் சுருட்டின மாதிரி, கட்டைவிரல் பருமன். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் பொடி.  கொடிக்காலில் பிறந்தவனுக்கு மஞ்சள் என்றால் வாடல் நோய். என் அப்பாவின் கொடிக்கால் ஒரே மழைக்காலத்தில் அப்படித்தான் மஞ்சள் பாய்ந்து படுத்தது. அதற்குப் பிறகுதான் நான் படிப்பை நிறுத்தினேன்.

ஃப்ராங்கின் மகள் கல்யாணம் என் கண்ணெதிரே நோயில் போக விடுவேனா? ஏணியைப் போட்டேன். மேலே போட்டிருந்த துண்டையே மடியாகக் கட்டிக்கொண்டு, ஒரு பூ விடாமல் பறித்தேன். அந்தத் தண்டில் கண்ணுக்குத் தெரியாத முள். கையெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி ஆயிற்று. விரலெல்லாம் மஞ்சள் பிசின், நாரத்தை இலையைக் கசக்கின மாதிரி ஒரு வாசம். எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. அன்றைக்கு நான் பிசைந்த தயிர்சாதம் வேப்பெண்ணெயில் பிசைந்த மாதிரி கசந்தது. சாயங்காலம் செல்வியும் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“ஏனுங்க, ரசத்துல என்ன போட்டீங்க?”

“வழக்கமா போடறதுதான்.”

“கையக் கழுவுனீங்களா?”

“நோயை ஒழிச்ச கை அது. கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.”

சான் ஹோசேயில் அப்போது தோட்டத்துக் குப்பையை வீட்டு முன்னால் தெருவில் குவித்து வைக்க வேண்டும். வாரம் ஒரு நாள் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். நான் பறித்ததெல்லாம் தெருவில் ஒரு குன்றாக நின்றது. வண்டி வந்து அள்ளும்போது பக்கத்தில் நின்று, நோய் ஒழிந்தது என்று கும்பிட்டேன். வண்டிக்காரரும் கையை ஆட்டினார்.

அடுத்து அறுவடை. கட்டைவிரல் நகத்தால் காம்போடு இலையைக் கிள்ளி, முகம் பார்த்து அடுக்கி, நூறு நூறாகக் கவுளி கட்டினேன். வாழைநார் கிடைக்கவில்லை. செல்வியின் பழைய நூல்புடவையைக் கிழித்துக் கட்டினேன். கவுளி வாடக் கூடாது, ஈரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் அதற்குத் தோதான இடம் குளியல் தொட்டி ஒன்றுதான். தொட்டி நிறைய வரிசையாக அடுக்கி ஈரத்துணி போர்த்தினேன். செல்வி அதற்குப் பிறகு வாளியில் தண்ணீர் பிடித்துச் சமையலறை மூலையில் குளித்தாள். ‘புள்ளைக்கு வீடு வேணுமில்ல’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. செல்விதான் எடுத்தாள். ஃப்ராங்க் சனிக்கிழமை வருகிறாராம். நான் பக்கத்தில் நின்று, கவுளியைப் பற்றிச் சொல்லு, சொல்லு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“ஏனுங்க, பூ எங்கேன்னு கேக்கறாரு.”

“எந்தப் பூ?”

“கொடியில பூத்ததைத்தான். அதைக் காய வெச்சு ஃப்ரீசர்ல வெச்சீங்களான்னு கேக்கறாரு. பூவத்தான் பறிக்கச் சொன்னாராமா. எலை ஒண்ணுக்கும் ஆவாதாமா.”

“பூ எதுக்காம் அவருக்கு?”

அவள் போனில் இரண்டு வார்த்தை கேட்டாள். மறுபடி பொத்தினாள். குரல் இறங்கியிருந்தது.

“பீருக்கு.”

 என் மனசில் இரண்டு இடி ஒரே சமயத்தில் விழுந்தது. ஒன்று, வீடு போயிற்று. இன்னொன்று, நான் வெறுங்காலோடு சாம்பிராணி போட்டு முருகனிடம் வேண்டிக்கொண்டது பீர் செழிக்க வேண்டும் என்று. எது பெரிய இடி என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செல்வி அதற்குள் போனில், “எவ்ரிதிங் இஸ் ரெடி, ஃப்ராங்க்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“ஏம்மா அப்படிச் சொன்னே?”

“வேற என்ன சொல்லட்டுமுங்க? குப்பை வண்டிக்காரனைக் கேளுங்கன்னா?”

ராத்திரி முழுக்க யோசித்து, விலைக்கு வாங்கி வைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். ஃப்ராங்க் கராஜில் கிடந்த மூட்டையில் ஒரு கடையின் பெயரும் தெருவும் அச்சடித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை, பூஜை முடித்து, விபூதியோடு, பறிக்கும்போது மடி கட்டிய துண்டை அடையாளத்துக்குச் சுருட்டி எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன்.

பீர் காய்ச்சுகிறவர்களுக்கென்றே ஒரு கடை. சுவர் நீளத்துக்குப் பாட்டில், குழாய், அண்டா. கண்ணாடி வைத்த ஃப்ரிட்ஜில் பை பையாக அதே பூ, காய்ந்தது. பத்துப் பதினைந்து ரகம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இதில் எது ஃப்ராங்குடையது? நான் சுருட்டிய துண்டோடு நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்து வரிசையிலிருந்து தோளில் ஒரு மூட்டையோடு ஒருவர் திரும்பினார்.

சாமி அங்கிள்.

அவர் உண்மைப் பெயரை எழுத மாட்டேன். எங்கள் கோயிலில் சனிக்கிழமை பஜனையை அவர்தான் நடத்துவார். பாட்டு முடிந்ததும் புலனடக்கம் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார். காபி குடிப்பதையே அவர் முன்னால் நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

அவரே ஆரம்பித்தார்.

“என்ன தம்பி, இந்தப் பக்கம்?”

“சும்மாதானுங்க அங்கிள். நீங்க?”

“பார்லி வாங்க வந்தேன். உடம்பு சூட்டுக்கு. கஞ்சி வெச்சுக் குடிப்போம்.”

மூட்டையைப் பார்த்தேன். “அம்பது பவுண்டுங்களா?”

“சூடு ஜாஸ்தி.”

எனக்கு வேறு நாதி இல்லை. கொடி, பூ, கவுளி, குளியல் தொட்டி, எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார்.

“என்ன வெரைட்டி?”

“தெரியாதுங்க அங்கிள்.” அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“துண்டைக் குடுங்க.”

மடிப்பில் ஒட்டியிருந்த மஞ்சள் பொடியை விரலால் தேய்த்து, இரண்டு கைகளிலும் துண்டை ஏந்தி முகத்தைப் புதைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கற்பூர ஆரத்தியின்போது அவர் முகத்தில் வருமே, அதே சாந்தம்.

“நாரத்தை இலை வாசம் தெரியுதா? கேஸ்கேட். சந்தேகமே வேணாம்.” பிறகு கடைக்காரரிடம் திரும்பி, போன வருஷத்து அறுவடையைத் தலையில் கட்டாதே, புதுசாக எடு, பொடியாக வேண்டாம், முழுப் பூவாக வேண்டும் என்று அஷ்டோத்திரம் சொல்கிற வேகத்தில் சொன்னார். கடைக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டார். “தம்பி, நான் இங்க வரல.”

“நானும் வரலீங்க அங்கிள்.”

“யார் கேட்டாலும்?”

“முருகன்மேல சத்தியமுங்க.”

தன் காரிலேயே கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார். வழியெல்லாம் கேசட்டில் சுப்ரபாதம் ஓடியது.

வீட்டுக்கு வந்து அந்தப் பூவை ஒரு காகிதப் பையில் மாற்றி ஃப்ராங்குடைய ஃப்ரீசரில் வைத்தேன். மனசு குத்தியது. ஆனாலும் செல்வி அந்தப் போன் வந்ததற்குப் பிறகு அப்போதுதான் ஒரு வாய் சாப்பிட்டாள். அதைப் பார்த்ததும் குத்தல் கொஞ்சம் அடங்கியது.

சனிக்கிழமை மதியம் ஃப்ராங்க் வந்தார். பயணப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போவார், ஃப்ரீசரைத் திறப்பார், சந்தோஷப்படுவார் என்பது எங்கள் கணக்கு. அவர் நேரே தோட்டத்துக்குப் போனார். பூவை மாற்றி வைத்த எங்கள் இரண்டு பேருக்கும், அதில் ஒருத்தி எம்.சி.ஏ., கொடியை மாற்றி வைக்க முடியாது என்பது தோன்றவே இல்லை.

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றார். ஒரு இலை இல்லை, ஒரு பூ இல்லை. முடியிறக்கிய குழந்தை மாதிரி தண்டும் கயிறும் மட்டும் நின்றன. முதல் கம்பத்தில் குங்குமம் மாத்திரம் பளிச்சென்று இருந்தது.

“என்ன நடந்தது?” என்றார்.

 உள்ளே போய்த் தாம்பாளத்தில் கவுளியை அடுக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். அப்புறமும் மூன்று நடை போனேன். ஒவ்வொரு நடைக்கும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூடியது. செல்வி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நடந்ததையெல்லாம் அவள்தான் இங்கிலீஷில் சொன்னாள். பூ குப்பைக்குப் போனது, ஃப்ரீசரில் இருப்பது கடைச்சரக்கு, தான் போனில் சொன்னது பொய், எல்லாம். 

ஃப்ராங்க் வீட்டுக்குள் போனார். வாடகைப் பத்திரத்தை எடுக்கப் போகிறார் என்று செல்வி என் கையைப் பிடித்தாள். அவர் காகிதப் பையோடு திரும்பி வந்தார். மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இது கேஸ்கேட்.”

“யெஸ்.”

“என் கொடியும் கேஸ்கேட். உனக்கு நான் அதைச் சொல்லவே இல்லையே. எப்படித் தெரிந்தது?”

செல்வியும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுசு. நான் முருகன்மேல் சத்தியம் செய்திருந்தேன். விரலை மூக்கில் வைத்து, “ஸ்மெல்,” என்றேன். (மோந்துதான் கண்டுபிடித்தது. யார் மூக்கு என்று அவர் கேட்கவில்லை.)

ஃப்ராங்க் நம்பவில்லை. கராஜுக்குப் போய் இரண்டு ஜாடி கொண்டுவந்து என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார்.  குனிந்தேன். முதல் ஜாடியில் நாரத்தை இலை.

“கேஸ்கேட்,” என்றேன்.

இரண்டாவதில் மழையில் நனைந்த வைக்கோல் மாதிரி ஏதோ ஒன்று. இன்னொரு தடவை மோந்தேன். முருகனை நினைத்துக்கொண்டேன்.

“நாட் கேஸ்கேட்.”

ஃப்ராங்க் ஜாடிகளை மூடினார். “முப்பது வருஷமாகக் காய்ச்சுகிறேன். என் சிநேகிதர்கள் ஒருத்தனுக்கும் இந்த மூக்கு இல்லை,” என்றார். பிறகு ஒரு கவுளியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். பாக்கு, சுண்ணாம்போடு சாப்பாட்டுக்கு அப்புறம் மெல்லுவது என்று செல்வி சொன்னாள். அந்த மனுஷர் ஒரு இலையை நான்காய் மடித்து வாயில் போட்டு மென்றார். கொஞ்ச நேரம் மென்றார். தோட்டத்து மூலைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“வாடகை பழைய வாடகைதான். குழந்தை பிறக்கட்டும். ஆனால் நீ இனிமேல் கொடியைத் தொடக் கூடாது. எனக்கு உன் மூக்கு மட்டும் போதும்.”

செல்வி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் மகள் அந்த வீட்டில்தான் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போனாள். நான் மொட்டையடித்த கொடி அடுத்த வருஷம் முன்னைவிட நன்றாக வந்தது. ஃப்ராங்க் இருந்தவரை ஒவ்வொரு அண்டாவுக்கும் என்னைக் கூப்பிட்டனுப்புவார். நான் குளித்துவிட்டுப் போய் மோந்துவிட்டு வருவேன். ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை. சாமி அங்கிளிடம் சமீபத்தில் போனில், எழுதலாமா என்று கேட்டேன். ‘வயசாயிடுச்சு தம்பி, எழுதிக்கோங்க, பேரைப் போடாதீங்க’ என்றார். எங்கள் வீட்டில் இதனால் குழப்பம் வராது. செல்வி நான் எழுதுவதைப் படிப்பதில்லை, மகளுக்குத் தமிழ் படிக்க வராது.

ஆகவே அவர்கள் இரண்டு பேரும் இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மூக்கைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தேங்க்ஸ்கிவிங் அன்று மகளின் சிநேகிதர்கள் பத்துப் பேராவது வருவார்கள். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு பாட்டிலைத் திறந்து மேஜையில் வரிசையாக வைப்பார்கள். “அப்பா, கம், டூ யுவர் திங்,” என்பாள் மகள். பூஜை அறையிலிருந்து விபூதியோடு எழுந்து வந்து, கண்ணை மூடி, ஒவ்வொன்றாக மோந்து, ‘கேஸ்கேட்’ அல்லது ‘நாட் கேஸ்கேட்’ என்று சொல்லிவிட்டுப் போவேன். பிள்ளைகள் லேபிளைப் படித்துவிட்டுக் கை தட்டுவார்கள். இதுவரை பெரிதாகத் தப்பியதில்லை. இரண்டே பதில்தானே, முருகன் பார்த்துக்கொள்கிறான்.